வயலில் உயிரினங்களை எண்ணுவதற்கு ஆகும் செலவுக்குப் பயன் உண்டா?

வரப்போரம் | பதிவு 1

வணக்கம். நாங்கள் நாற்பது பேர் சேர்ந்து நடத்தும் விவசாயக் குழு. பெரும்பாலும் நெல்தான். மூன்று வருஷமாகப் பூச்சிமருந்தைக் குறைத்து வருகிறோம். வரப்பைக் கொஞ்சம் அகலமாக்கி, அதில் களைக்கொல்லி அடிக்காமல், பூக்கிற செடிகளை அப்படியே விட்டிருக்கிறோம். இந்த வேலையைப் பெரிதாக்க ஐந்து வருஷத்துக்கு ஒரு நிதி கிடைத்திருக்கிறது. கூடவே ஒரு நிபந்தனை: வயல்களில் பல்லுயிர் எப்படி மாறுகிறது என்று வருஷாவருஷம் கணக்கெடுத்துக் காட்ட வேண்டும்.

கணக்கெடுக்க முன்வந்தவர்கள் ஒரு பட்டியல் அனுப்பினார்கள். செடிகள், பறவைகள், வண்ணத்துப்பூச்சிகள், காட்டுத் தேனீக்கள், சிலந்திகள், தரைவண்டுகள், தவளைகள், மண்புழுக்கள். எல்லாவற்றையும் இனம் பிரித்துத் தருவார்களாம். கூட்டிப் பார்த்தால் நிதியில் மூன்றில் ஒரு பங்கு எண்ணுவதற்கே போய்விடும். கூட்டத்தில் இதைப் படித்ததும் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். "மரம் நடப் பணமில்லை, பூச்சியை எண்ணப் பணமா?" என்று ஒருவர் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

எண்ணாமல் விடவும் மனசில்லை. நாங்கள் இத்தனை நாள் செய்ததால் ஏதாவது மாறியிருக்கிறதா என்பது எனக்கே தெரியாது. தட்டான்கள் கூடியிருப்பதுபோலத் தோன்றுகிறது. தோன்றினால் போதுமா? இந்த வேலையில் இருந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய ஏர் | பதிவு 2

தோன்றினால் போதாது தம்பி. ஆனால் எண்ண வந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் கேளுங்கள்.

பல வருஷத்துக்கு முன்னால் என் வயலுக்கு ஓர் ஆய்வுக் குழு வந்தது. யார் என்று சொல்ல வேண்டாம். வரப்பு ஓரமாக இருபது டம்ளர்களை விளிம்பு மண்ணோடு மண்ணாக இருக்கும்படி புதைத்தார்கள். இரண்டு பருவம் அந்த இடத்தில் மண்வெட்டி படாமல், நடவு ஆட்கள் கால் வைக்காமல் பார்த்துக்கொண்டேன். மழை பெய்து நிரம்பினால் போன் செய்து சொல்வேன். கடைசியில் எல்லாவற்றையும் புட்டியில் ஊற்றி எடுத்துப் போனார்கள். என்ன பிடிபட்டது, என் வயல் நல்ல வயலா கெட்ட வயலா என்று ஒரு வரி வரவில்லை. நானே இரண்டு முறை கேட்டேன். அறிக்கை தயாராகிறது என்றார்கள்.

அந்தப் பணத்தில் ஒரு குட்டை வெட்டியிருந்தால் இன்றைக்கும் அதில் தவளை கத்திக்கொண்டிருக்கும். அதனால் உங்கள் கூட்டத்தில் எழுந்து போனவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

நேர்க்கோடு | பதிவு 3

ஐயா சொல்வது நியாயமான கோபம். முடிவைச் சொல்லாமல் போவது திருட்டுக்குச் சமம் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் எண்ணாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது.

நெதர்லாந்தில், புல் வெட்டுவதைத் தள்ளிப்போட்டால், உரத்தைக் குறைத்தால் விவசாயிக்குப் பணம் என்று ஒரு திட்டம் இருந்தது. தரையில் கூடு கட்டும் பறவைகளும் காட்டுச் செடிகளும் பிழைக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். கேட்டால் யாரும் தப்பு சொல்ல முடியாத திட்டம். டேவிட் கிளெய்ன் குழுவினர் திட்டத்தில் இருந்த வயலையும் இல்லாத வயலையும் இணை இணையாக எடுத்து, மொத்தம் 78 வயல்களை ஒப்பிட்டார்கள். 2001-இல் முடிவு வந்தது. செடிகளிலும் பறவைகளிலும் முன்னேற்றம் இல்லை. அதிகம் காணப்படும் நான்கு வகைக் கரைப்பறவைகள் திட்ட வயல்களில் இன்னும் குறைவாகவே தென்பட்டன. தேனீக்களும், பூவின் மேல் அந்தரத்தில் நிற்கும் மிதவை ஈக்களும் மட்டும் கொஞ்சம் கூடியிருந்தன. உரம் குறைந்ததால் மண்ணில் பறவைக்குக் கிடைக்கும் இரை குறைந்திருக்கலாம் என்று அவர்களே ஒரு காரணத்தையும் முன்வைத்தார்கள்.

பிறகு 2003-இல் கிளெய்னும் சதர்லாந்தும் ஐரோப்பா முழுவதும் தேடினார்கள். 1994-க்குப் பிறகு இந்த மாதிரித் திட்டங்களுக்கு 2,430 கோடி யூரோ செலவாகியிருந்தது. பயன் இருந்ததா என்று பார்த்த ஆய்வுகள் கிடைத்தவை 62. அதுவும் ஆறே நாடுகளிலிருந்து. பலவற்றில் திட்டம் தொடங்கும் முன் நிலைமை எப்படி இருந்தது என்ற கணக்கே இல்லை.

நல்ல எண்ணத்தோடு வருஷக்கணக்கில் பணம் போட்டும் பலன் கிடைக்கவில்லை என்பது, யாரோ போய் எண்ணியதால்தான் தெரிந்தது.

பழைய ஏர் | பதிவு 4

சரி, அது ஒரு நாடு. செலவை நாடே சுமந்தது. இவர்கள் நாற்பது பேர். எதை எண்ணினால் இவர்களுக்குப் பயன் என்று சொல்லுங்கள்.

குழிப்பொறி | பதிவு 5

ஐயா புதைத்து வைத்திருந்த டம்ளர்களுக்கு எங்கள் வேலையில் குழிப்பொறி என்று பெயர். நான் அதை எடுத்து வைத்த பக்கத்தில் இருந்தவள். உங்களுக்கு ஏன் பதில் வரவில்லை என்பதை என்னால் ஓரளவு சொல்ல முடியும். சொன்னால் செலவு எங்கே போகிறது என்பதும் புரியும்.

பொறி வைப்பது சுலபம், செலவும் குறைவு. இருபது பொறியை ஒரு காலையில் வைத்துவிடலாம். இரண்டு வாரம் கழித்து எடுக்கும்போது ஒவ்வொன்றிலும் கறுப்பாக ஒரு குழம்பு இருக்கும். அதைச் சல்லடையில் கழுவினால் மண், வேர், எறும்பு, வண்டு, சிலந்தி, பிள்ளைப்பூச்சி எல்லாம் கலந்து கிடைக்கும். வெள்ளைத் தட்டில் ஊற்றி இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். ஒரு பொறிக்கு அரை நாள் ஆகும், எறும்புப் புற்று பக்கத்தில் இருந்தால் ஒரு நாள் முழுக்க ஆகும். இது வெறும் பிரிப்பு. இனம் கண்டுபிடிப்பது இன்னும் தொடங்கவில்லை.

சிலந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். வளர்ந்த சிலந்தியின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்தால்தான் இனம் சொல்ல முடியும். குஞ்சாக இருந்தால் பெரும்பாலும் குடும்பப் பெயரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வயலில் கிடைப்பதில் பெரும்பங்கு குஞ்சுகள்தான். மண்புழுவிலும் இதே கதை. உடம்பில் தடித்த வளையம் வந்த முதிர்ந்த புழுவைத்தான் உறுதியாக இனம் சொல்லலாம். காட்டுத் தேனீயை ஊசியில் குத்தி, உலர்த்தி, அதையே வாழ்நாள் வேலையாக வைத்திருக்கும் ஒருவருக்கு அனுப்ப வேண்டும். அப்படிப்பட்டவர்கள் சிலரே. அவர்கள் மேசையில் உங்கள் பெட்டி வரிசையில் நிற்கும்.

ஆக, வயலில் ஒரு நாள் என்றால் மேசையில் வாரக்கணக்கு. திட்டத்தில் பணம் ஒதுக்குகிறவர்கள் வயல் நாளை எண்ணுவார்கள், மேசை வாரத்தை மறந்துவிடுவார்கள். காலம் முடியும், ஆட்கள் வேறு வேலைக்குப் போவார்கள், புட்டிகள் அலமாரியில் நிற்கும். நான் விட்டு வந்த இடத்தில் திறக்காத புட்டிகள் இரண்டு அலமாரி நிறைய இருந்தன. ஒவ்வொன்றிலும் பென்சிலால் எழுதிய சீட்டு: தேதி, வயல் எண், பொறி எண். அதில் ஐயாவைப் போன்ற எத்தனை பேருடைய வயல் இருந்தது என்று நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

வரப்போரம் அண்ணா, உங்களுக்கு வந்த பட்டியலில் மேசை வேலைக்கு எவ்வளவு, பயணத்துக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். கருவி, பொறி, பூச்சி கெடாமல் ஊற்றி வைக்கும் சாராயம் எல்லாம் சேர்ந்தாலும் சிறு தொகைதான் வரும். மனிதர்களின் நேரமும் பயணமும்தான் மீதி முழுவதும்.

வரப்போரம் | பதிவு 6

நன்றி அக்கா, நன்றி ஐயா. பிரித்துக் கேட்டேன். நீங்கள் சொன்னது அப்படியே இருக்கிறது. சிலந்தி, தேனீ, தரைவண்டு மூன்றும் சேர்ந்து மொத்தத்தில் பாதிக்கு மேல், அதில் பெரும்பகுதி ஆய்வகத்தில்.

அப்படியானால் அந்த மூன்றையும் தூக்கிவிட்டுப் பறவையை மட்டும் வைத்துக்கொள்ளலாமா? இப்போது டிஎன்ஏ-வை வைத்து ஒரே நேரத்தில் எல்லா இனத்தையும் கண்டுபிடிக்கலாம் என்கிறார்களே, அது மலிவா?

செம்போத்து | பதிவு 7

பறவை பற்றி நான் சொல்கிறேன். எண்ணுவதற்கு மலிவானது பறவைதான். விடியற்காலையில் குறித்த இடத்தில் பத்து நிமிஷம் நின்று, பார்த்ததையும் கேட்டதையும் எழுதினால் போதும். ஆய்வகம் வேண்டாம். ஆர்வலர்கள் நிறைய. வட அமெரிக்காவில் 1966 முதல் கிட்டத்தட்ட இப்படித்தான் எண்ணி வருகிறார்கள். அந்தத் தொடர்க் கணக்கு முக்கிய ஆதாரமாக இருந்ததால்தான், 1970-க்குப் பிறகு அங்கே கிட்டத்தட்ட 300 கோடிப் பறவைகள் குறைந்துவிட்டன என்று 2019-இல் சொல்ல முடிந்தது. குறைந்ததில் புல்வெளிப் பறவைகளின் பங்கு பெரிது.

ஆனால் உங்கள் கேள்விக்குப் பறவை சரியான விடை தராது. ஒரு கரிச்சான் உங்கள் வயலிலும் உட்காரும், பக்கத்து வயலிலும் உட்காரும். கொக்குக் கூட்டம் எங்கே உழுகிறார்களோ அங்கே போகும். வரப்பை அகலமாக்கியதன் பலனைப் பறவை எண்ணிக்கையில் தேடினால் ஏமாற்றம்தான். பறவை முழு வட்டாரத்தின் கதையைச் சொல்லும், ஒரு வரப்பின் கதையைச் சொல்லாது. நாற்பது பேர் நிலமும் ஒட்டினாற்போல் ஒரே பரப்பாக இருந்தால் மட்டும் பறவைக்குப் பொருள் உண்டு.

ஒலிப்பதிவுக் கருவி வைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். வைக்கலாம். கருவி இப்போது சின்னது, விலையும் இறங்கிவிட்டது. பேர்ட்நெட் போன்ற மென்பொருள் குரலைக் கேட்டுப் பெயரும் சொல்லும். ஆனால் அது தப்பாகவும் சொல்லும். சில நூறு மணி நேரப் பதிவில் எது சரி எது தப்பு என்று ஒரு மனிதர் உட்கார்ந்து கேட்க வேண்டும். செலவு வயலிலிருந்து காதுக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான்.

குழிப்பொறி | பதிவு 8

டிஎன்ஏ பற்றி: பொறியில் விழுந்த எல்லாவற்றையும் அரைத்து, அந்தக் கலவையிலிருந்து இனப் பட்டியல் எடுக்கிறார்கள். மேசை வேலை நிஜமாகவே குறைகிறது. இரண்டு விஷயம் தெரிந்துகொண்டு இறங்குங்கள். ஒன்று, அது "இருக்கிறது" என்று சொல்லும், "எத்தனை இருக்கிறது" என்று நம்பும்படி சொல்லாது. இரண்டாவது, ஒப்பிட்டுப் பார்க்க ஏற்கெனவே அடையாளம் கண்டு பதிந்த டிஎன்ஏ தொகுப்பு வேண்டும். வெப்பமண்டல வயல்களின் சிறு பூச்சிகளில் பெரும்பகுதி அந்தத் தொகுப்பில் இல்லை. பெயரில்லாத நூறு எண்கள் கையில் கிடைக்கும்.

பெயரே தெரியாமல் பயன்பட்ட கணக்கு ஒன்றும் உண்டு. ஜெர்மனியில் கிரெஃபெல்ட் நகரப் பூச்சி ஆர்வலர்கள் 1989 முதல் 2016 வரை 63 பாதுகாக்கப்பட்ட இடங்களில் மலேஸ் பொறி என்னும் வலைக் கூடாரங்களைக் கட்டிப் பறக்கும் பூச்சிகளைப் பிடித்தார்கள். அந்தக் கணக்கில் இனம் பிரிக்கவில்லை. பிடிபட்டதை மொத்தமாக எடை போட்டார்கள். ஒரே மாதிரிப் பொறி, ஒரே மாதிரி வடிப்பு, ஒரே மாதிரி எடை. 2017-இல் கூட்டிப் பார்த்தபோது 27 வருஷத்தில் எடை முக்கால் பங்குக்கு மேல் சரிந்திருந்தது. உலகமே பேசிய கணக்கு அது. ஒரு தராசும் பொறுமையும் சேர்ந்து அதைச் செய்தன. புட்டிகளையும் பத்திரமாக வைத்திருந்தார்கள், அதனால் பிறகு திறந்து இனம் பார்க்கவும் வழி இருந்தது.

நேர்க்கோடு | பதிவு 9

ஆனால் 27 வருஷம் என்பதைக் கவனியுங்கள். இங்கே ஐந்து வருஷம்தான் கையில் இருக்கிறது. நான் பயப்படுவது இதற்குத்தான்.

பூச்சி எண்ணிக்கை மழைக்கும் வெயிலுக்கும் ஏற்ப வருஷத்துக்கு வருஷம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஏறி இறங்கும். நல்ல மழை வருஷத்தில் தொடங்கி வறட்சியில் முடித்தால், நீங்கள் எதைச் செய்திருந்தாலும் வீழ்ச்சிதான் தெரியும். திருப்பிப் போட்டால் வளர்ச்சி தெரியும், அது உங்களால் வந்ததாக அறிக்கை எழுதிவிடுவீர்கள். இதிலிருந்து தப்பிக்க ஒரே வழி, உங்கள் குழுவில் இல்லாத, வழக்கப்படி மருந்தடிக்கும் வயல்களையும் அதே நாளில், அதே முறையில் எண்ணுவது. வறட்சி வந்தால் இரண்டுக்கும் வரும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம்தான் உங்கள் வேலையின் பலன்.

இதைத்தான் எல்லோரும் முதலில் வெட்டுகிறார்கள், "அடுத்தவன் வயலை நாம் ஏன் காசு கொடுத்து எண்ண வேண்டும்" என்று. தயவுசெய்து அதை வெட்டாதீர்கள். எட்டு உயிரினக் குழுவை நாற்பது வயலில் எண்ணுவதைவிட, இரண்டு குழுவைப் பன்னிரண்டு சொந்த வயலிலும் ஆறு வெளி வயலிலும் எண்ணுவது எனக்குப் பத்து மடங்கு மேல்.

இன்னொன்று, பூஜ்யத்தை எழுதுங்கள். போனேன், நின்றேன், ஒன்றும் இல்லை என்பதும் கணக்குதான். ஆர்வலர்கள் தொகுத்த பல பட்டியல்கள் பயன்படாமல் போவது இதனால்தான்.

தாள்கட்டு | பதிவு 10

இந்த மாதிரித் திட்டங்களின் கோப்புகளோடு பல வருஷம் இருந்தவன் என்ற முறையில் செலவு பற்றி ஒரு வார்த்தை.

ஐரோப்பாவில் செடி, காட்டுத் தேனீ, சிலந்தி, மண்புழு என்ற நான்கையும், கூடவே வாழிடங்களையும் பண்ணை வாரியாக அளந்து பார்த்தார்கள், பயோபயோ என்ற ஆய்வுத் திட்டத்தில். அந்த அனுபவத்தை வைத்து, கண்டம் முழுவதும் இப்படிக் கண்காணித்தால் என்ன ஆகும் என்று 2016-இல் ஒரு கணக்கு வெளியானது. எப்படி வடிவமைக்கிறோம் என்பதைப் பொறுத்து, விவசாயத்துக்கான மொத்த ஒதுக்கீட்டில் 0.01 முதல் 0.74 சதவீதம். சுற்றுச்சூழலுக்கென்று வைத்த பங்கில் மட்டும் பார்த்தால் 0.04 முதல் 2.48 சதவீதம். ஒரு கண்டத்துக்கு நூற்றில் மூன்றுகூட ஆகாதபோது நாற்பது பேருக்கு நூற்றில் முப்பத்துமூன்று ஏன்? பெரிய அளவில் செய்தால் நிபுணர் செலவு பகிரப்படுகிறது, மாதிரிக்கு எடுத்த பண்ணைகளை மட்டும் பார்த்தால் போதும். ஒவ்வொரு சிறு குழுவும் தனித்தனியே முழு ஆய்வு நடத்த வேண்டும் என்று நிபந்தனை போடுவது, நிதி கொடுப்பவர்கள் செய்யும் பெரிய தவறு. இதை அவர்களிடமே சொல்லலாம். நான் பார்த்தவரை, எழுதிக் கேட்டால் நிபந்தனையைத் திருத்துகிறார்கள்.

இரண்டாவது வழி ஒன்றும் இருக்கிறது. ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் 2000-இல் ஒரு ஏற்பாடு தொடங்கியது. பூக்கும் செடிகள் 28 கொண்ட ஒரு பட்டியல், படத்தோடு. புல்வெளியில் அதில் நான்கு இருந்தால் பணம் கொடுத்தார்கள். விவசாயியே நடந்து பார்த்துக் குறித்தார், அதிகாரி சில இடங்களில் மட்டும் சரிபார்த்தார். அயர்லாந்தின் பர்ரன் பகுதியில் நடந்த திட்டத்தில் புல்வெளிக்கு 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டார்கள். மதிப்பெண் கூடினால் தொகை கூடியது. அங்கே கணக்கெடுப்பே திட்டமாகிவிட்டது. மதிப்பெண் ஏன் குறைந்தது என்று விவசாயியே கேட்டார், மாட்டை எப்போது மேய விடலாம் என்று அதிலிருந்து முடிவு செய்தார்.

பழைய ஏர் | பதிவு 11

இந்த 28 செடிக் கதை எனக்குப் பிடித்திருக்கிறது. பார்ப்பவனும் நான், பலன் பெறுபவனும் நான்.

என்னைக் கேட்டால் ஒன்றுதான். இன்றைக்கு மருந்து அடிக்கலாமா வேண்டாமா என்று எனக்குச் சொல்லும் கணக்கு எதுவோ, அதை நான் காசு வாங்காமலே எடுப்பேன். மற்றதெல்லாம் அடுத்தவர் கணக்கு.

குழிப்பொறி | பதிவு 12

ஐயா, அந்தக் கணக்கு இருக்கிறது. நெல்லில் அது நன்றாகவே தேறிய கணக்கு.

இந்தோனேசியாவில் புகையான் என்னும், தண்டின் சாற்றை உறிஞ்சும் தத்துப்பூச்சி நெல்லை அழித்தபோது மேலும் மேலும் மருந்தடித்தார்கள், புகையான் மேலும் மேலும் பெருகியது. மருந்து அதன் எதிரிகளைக் கொன்றுகொண்டிருந்தது. 1986-இல் நெல்லுக்கு 57 வகைப் பூச்சிமருந்துகளைத் தடை செய்தார்கள். 1989-இல் விவசாயிகளின் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. வாரம் ஒரு நாள் வயலில் இறங்குவார்கள், குத்துக் குத்தாக, அதாவது ஒரே இடத்தில் நட்ட நாற்றுக் கொத்து ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். பிறகு வரப்பில் உட்கார்ந்து பெரிய தாளில் பயிரை வரைந்து, ஒரு பக்கம் தீமை செய்யும் பூச்சி, மறு பக்கம் நன்மை செய்யும் பூச்சி என்று எண்ணிக்கையோடு வரைவார்கள். அதைப் பார்த்துக் கூடிப் பேசி முடிவு எடுப்பார்கள்.

1996-இல் ஜாவா வயல்களைப் பற்றி வந்த ஓர் ஆய்வு என் வேலையையே வேறு மாதிரிப் பார்க்க வைத்தது. நட்ட புதிதில், புகையான் இன்னும் வராத நேரத்திலேயே, வயலில் சிலந்திகளும் நீரில் ஓடும் பூச்சிகளும் நிறைய இருந்தன. எதைத் தின்று? மக்கும் பொருளையும் நீர்ப்பாசியையும் தின்று வளரும் சின்னஞ்சிறு ஈக்களையும், வாலை உதைத்துத் துள்ளும் சிறு பூச்சிகளையும். தீமையும் செய்யாத, நன்மையும் செய்யாத, யாருமே எண்ணாத ஜந்துக்கள். அவைதான் காவல்காரர்களுக்கு முன்கூட்டியே சோறு போட்டு வைத்திருந்தன. தொழு உரம் போல மக்கும் பொருளைக் கூடுதலாகப் போட்ட இடத்தில் இவை பெருகின, கூடவே சிலந்திகளும் பெருகின. நட்டவுடன் அடிக்கும் முதல் மருந்து எதைக் கெடுக்கிறது என்று அதைப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

எப்படிப் பார்ப்பது என்று கேட்டால்: வயலுக்குக் குறுக்காக நடந்து இருபது குத்து. குத்தை இரு கையாலும் மெல்ல விலக்கி, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தண்டைப் பாருங்கள். புகையான் அங்கேதான் ஒட்டியிருக்கும், பழுப்பாக, எள்ளு மாதிரி. குத்தை ஒரு தட்டுத் தட்டினால் தண்ணீரில் விழும், எண்ணலாம். அதே நேரம் தண்ணீர் மேல் கால் பரப்பி ஓடுவது ஓநாய்ச் சிலந்தி. பச்சையும் கறுப்புமாக மெலிந்து இருக்கும் நாவாய்ப்பூச்சி புகையானின் முட்டையைக் குத்தி உறிஞ்சும். இலை நுனியில் ஊசித்தட்டான், பொறிவண்டு. பொதுவாகச் சொல்லப்படும் அளவு: சிலந்தி இல்லையென்றால் தூருக்கு (குத்தில் கிளைத்த ஒவ்வொரு தண்டுக்கும்) ஒரு புகையான் வந்ததும் நடவடிக்கை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். சிலந்தியை எண்ணியவர் ஒரு தடவை மருந்தை மிச்சம் பிடிக்கிறார். இதற்கு நுண்ணோக்கி வேண்டாம், இனப் பெயர் வேண்டாம், அரை மணி நேரம் போதும்.

செம்போத்து | பதிவு 13

எல்லாம் சரி. ஆனால் இந்த விவாதம் போகும் திசை எனக்குக் கொஞ்சம் கவலையாக இருக்கிறது. விவசாயிக்கு உதவும் உயிரை மட்டும் எண்ணுவோம் என்று முடிவு செய்தால், உதவாத உயிர் காணாமல் போவது யாருக்கும் தெரியாது. குழிப்பொறி அக்கா சொன்ன அந்தச் சின்ன ஈக்களையே "பயனில்லாதவை" என்று ஒதுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இங்கிலாந்தில் சசெக்ஸ் பகுதியில் சாம்பல் கௌதாரி ஏன் குறைகிறது என்று பார்க்க டிக் பாட்ஸ் 1960-களின் இறுதியில் ஒரு கணக்கைத் தொடங்கினார். கௌதாரியை மட்டும் எண்ணவில்லை. தானிய வயல்களில் களையையும் பூச்சியையும் சேர்த்து வருஷம் தவறாமல் எண்ணினார்கள். அதனால்தான் சங்கிலி தெரிந்தது: களைக்கொல்லியால் களை போனது, களையில் வாழ்ந்த பூச்சி போனது, பிறந்த முதல் வாரங்களில் பூச்சியைத் தின்றே வளர வேண்டிய குஞ்சு பட்டினியில் செத்தது. களைக்கொல்லி கௌதாரியைத் தொடவே இல்லை. வயல் ஓரத்தில் ஒரு பட்டையை மட்டும் மருந்தில்லாமல் விட்டால் குஞ்சுகள் பிழைக்கும் என்ற யோசனை அந்தக் கணக்கிலிருந்து வந்ததுதான். தொடங்கும்போது களையைப் போய் எண்ணுவது வீண் செலவாகத்தான் தெரிந்திருக்கும்.

வயலில் வாழும் உயிர்களுக்கு நமக்குப் பயன்படுவதைத் தாண்டியும் ஓர் இடம் உண்டு என்று நான் மனசார நம்புகிறேன். அந்தக் கணக்கையும் ஒரு மூலையில் வையுங்கள்.

பழைய ஏர் | பதிவு 14

மறுக்கவில்லை தம்பி. என் அப்பா காலத்தில் வரப்பில் நடந்தால் காலடியில் தவளை தெறிக்கும். அது எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. எண்ணி வைக்கவில்லை. தெரிந்திருந்தால் அந்த வருஷம் என்ன மாற்றினேன் என்று யோசித்திருப்பேன்.

தாள்கட்டு | பதிவு 15

செம்போத்து சொல்லும் கணக்கை நாற்பது பேர் சுமக்க வேண்டியதில்லை, பொதுப் பணம் சுமக்க வேண்டும். இப்போது சட்டமே அந்தப் பக்கம் வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் இயற்கை மீட்புச் சட்டம் இயற்றியது. விவசாய நிலத்துக்கு மூன்று அளவுகோல்கள்: புல்வெளி வண்ணத்துப்பூச்சிகள், விளைநில மண்ணில் உள்ள கரிமம், பலவகை இயற்கை அமைப்புகள் உள்ள நிலத்தின் பங்கு. இதில் இரண்டிலாவது உறுப்பு நாடுகள் ஏற்றம் காட்ட வேண்டும். வயல்வெளிப் பறவைகளின் எண்ணிக்கைக்குத் தனியே இலக்கு. வண்ணத்துப்பூச்சி ஏன் வந்தது தெரியுமா? 1976 முதல் பிரிட்டனிலும் பிறகு மற்ற நாடுகளிலும் தன்னார்வலர்கள் வாரம் ஒரு முறை ஒரே பாதையில் நடந்து, ஐந்து மீட்டர் அகலத்துக்குள் கண்ணில் பட்டதை எழுதி வைத்தார்கள். தொடர்ச்சியான கணக்கு இருந்ததால்தான் அதைச் சட்டத்துக்குள் கொண்டுவர முடிந்தது.

வரப்போரம் | பதிவு 16

எல்லோர் சொன்னதையும் அச்செடுத்துக் கூட்டத்தில் படித்தேன். எழுந்து போனவர்களும் உட்கார்ந்து கேட்டார்கள். இப்போது திட்டம் இப்படி:

வாரம் ஒரு முறை குத்துக் கணக்கு. இதை அவரவர் வயலில் அவரவரே எடுப்போம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வண்ணத்துப்பூச்சி, தட்டான் நடை. எங்களில் பன்னிரண்டு வயல், குழுவில் இல்லாதவர்களுடையது ஆறு வயல். அந்த ஆறு பேரிடமும் பேசிவிட்டோம், முடிவை அவர்களுக்கும் சொல்வோம் என்ற உறுதியோடு. வரப்புச் செடிகளுக்கு நாங்களே இருபத்தைந்து செடிப் பட்டியல் ஒன்று தயாரிக்கிறோம், ஒரு தாவரவியல் ஆசிரியர் உதவுகிறார். வருஷம் ஒரு முறை, ஈரம் காயாத நேரத்தில், மண்வெட்டியால் இருபது சென்டிமீட்டர் சதுரத்துக்கு அதே ஆழம் வெட்டி மண்புழு எண்ணிக்கை. இனம் வேண்டாம். குழிப்பொறி முதல் வருஷமும் ஐந்தாம் வருஷமும் மட்டும். எடை போட்டுச் சாராயத்தில் வைத்துவிடுவோம். செம்போத்து கேட்ட மூலை அதுதான். பின்னால் யாராவது திறந்து பார்க்கட்டும்.

மூன்றில் ஒரு பங்கு என்றிருந்தது பத்தில் ஒன்றாக இறங்கியிருக்கிறது. நிதி கொடுப்பவர்களுக்கு எழுதினோம், ஒத்துக்கொண்டார்கள். மிச்சத்தில் இரண்டு குட்டை.

ஒரு சந்தேகம். நடைக்கு எந்த வரப்பைத் தேர்ந்தெடுப்பது? பூ நிறைய உள்ள வரப்பில்தான் பார்க்க ஏதாவது இருக்கும்.

நேர்க்கோடு | பதிவு 17

அதைச் செய்யாதீர்கள். நல்ல வரப்பைத் தேர்ந்தெடுத்தால் முதல் வருஷமே உச்சம், பிறகு இறங்கத்தான் செய்யும். வயல் எண்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுங்கள். எடுத்த வரப்பின் இரு முனையிலும் கல் நடுங்கள். ஐந்து வருஷத்துக்கு அதே கல்லிலிருந்து அதே கல் வரை. நடக்கும் ஆள் மாறினால் பழையவரும் புதியவரும் நான்கு முறையாவது சேர்ந்து நடக்க வேண்டும். வானம், காற்று, தொடங்கிய நேரம், முடித்த நேரம் எழுதுங்கள். மூலத்தாளைத் தூக்கிப் போடாதீர்கள்.

குழிப்பொறி | பதிவு 18

ஒவ்வொரு நடை முடிந்ததும் அந்த வயல்காரரிடம் அன்றைக்கே வாயால் சொல்லிவிடுங்கள் அண்ணா. அறிக்கைக்குக் காத்திருக்க வேண்டாம்.

வரப்போரம் | பதிவு 19

முதல் நடை இன்று முடிந்தது. குலுக்கலில் வந்த வரப்பு கொஞ்சம் மொட்டையானது. வெயில் உண்டு, காற்று மெல்ல. 9.10 முதல் 9.35 வரை. வண்ணத்துப்பூச்சி 3, தட்டான் 17, ஊசித்தட்டான் 9. வெளி வயல்: வண்ணத்துப்பூச்சி 0, தட்டான் 14, ஊசித்தட்டான் 1. பூஜ்யத்தையும் எழுதிவிட்டேன். இரண்டு வயல்காரர்களிடமும் சொல்லிவிட்டேன்.

பழைய ஏர் | பதிவு 20

நானும் நேற்றுக் காலையில் இறங்கினேன். இருபது குத்து. புகையான் 31, ஓநாய்ச் சிலந்தி 22, பச்சை நாவாய்ப்பூச்சி 6, பொறிவண்டு 4. பக்கத்து வயலில் மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள், என்னையும் கேட்டார்கள். தாளைக் காட்டினேன். அடிக்கவில்லை. அடுத்த வாரம் அதே இருபது குத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.